ஷீட் கூரையின் கீழே கத்திரி வெயில்

சித்திரை பிறந்துவிட்டால் வேலூர் நாள் தவறாமல் நாளிதழில் இடம்பிடித்துவிடும். வெயில் சதமடித்தது, மாநிலத்திலேயே இங்குதான் அதிகம் என்று செய்தி வரும். கூடவே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்கூட்டரில் போகும் பெண்ணின் படம் ஒன்றும் வரும். அந்த எண்ணில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அது எங்கே அளக்கப்பட்டது என்று யோசிப்பவர்கள் குறைவு. வானிலை நிலையத்தின் வெப்பமானி, திறந்த வெளியில், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், நான்கு பக்கமும் காற்று புகும்படி சட்டம் வைத்து வெள்ளை பூசிய மரக்கூண்டுக்குள் நிழலில் இருக்கிறது. குடியாத்தம் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கருவிக்கு வாய்த்த வீடு, நான் நுழைந்து வெளியேறிய வீடுகளில் பாதிப் பேருக்கு வாய்க்கவில்லை என்று ஒவ்வொரு கோடையிலும் எனக்குத் தோன்றும்.

காலை 11 மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள், வீட்டுக்குள் இருங்கள் என்று துண்டறிக்கை கொடுப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. வெயிலில் கல் உடைப்பவருக்கும் சூளையில் செங்கல் அடுக்குபவருக்கும் அது மிகவும் தேவையான அறிவுரைதான். ஆனால் சிமெண்ட் ஷீட் போட்ட பத்துக்குப் பத்து அறையில், உள்ளேயே அடுப்பு வைத்து, ஒற்றைச் சன்னலையும் தெருப்புழுதிக்காகச் சாத்தி வைத்திருக்கும் குடும்பத்துக்கு, பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டைவிட வேப்பமரத்தடிதான் பாதுகாப்பான இடம். வெயிலால் பாதிக்கப்பட்டு நான் பார்த்தவர்களில் கணிசமானவர்கள் வெயிலில் நின்றவர்களே இல்லை. வீட்டுக்குள் இருந்தவர்கள், அதிலும் வயதானவர்கள், பெரும்பாலும் பெண்கள்.

இதற்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். சென்னைக்குப் பிற்பகலில் கிடைக்கும் கடற்காற்று வேலூர் வந்து சேர மாலை கடந்துவிடும், பல நாள் வருவதே இல்லை. சுற்றிலும் உள்ள மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விடுகின்றன. ஷீட்டும் கான்கிரீட் தளமும் அப்படித்தான். பகலில் பட்ட வெப்பத்தை உடல் ஆற்றிக்கொள்வது இரவு உறக்கத்தில். இரவும் தணியாமல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்பிச் சூட்டை வெளியேற்றும் வேலையில் இதயத்துக்கு ஓய்வே கிடைப்பதில்லை. 1901 முதல் உள்ள பதிவுகளிலேயே இந்தியாவுக்கு மிக வெப்பமான ஆண்டு 2024 என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. அந்த ஆண்டில் நாட்டின் சராசரிப் பகல் வெப்பம் இயல்பைவிட 0.20 டிகிரி செல்சியஸ்தான் கூடியிருந்தது, இரவின் குறைந்தபட்ச வெப்பமோ 0.90 டிகிரி கூடியிருந்தது. பருவநிலை மாற்றத்தைப் பற்றிய பேச்சில் இந்த இரவுக் கணக்கு போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம். துறை 'வெப்பமான இரவு' என்று தனியாக எச்சரிக்கை கொடுக்கிறது. அது வரும் நாட்களில் பகல் எச்சரிக்கையைவிட அதிகக் கவனம் தேவை.

எங்கள் பகுதியில் பீடி சுற்றும் வீடுகள் ஏராளம். இலையை முதல் நாளே நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையில் கத்தரித்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மாலை வரை எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு மே மாதப் பிற்பகலில் தடுப்பூசிக் கணக்கெடுப்புக்காக நான் நுழைந்த வீட்டில் மூன்று பெண்கள் வியர்வை சொட்டச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் இருந்தும் தலைக்கு மேலே மின்விசிறி நின்றிருந்தது. "பேன் போட்டா தூளு பறக்குது, இலை காஞ்சி முறுகிப் பூடுது நர்சம்மா. எண்ணிக்கை முடிஞ்சதும் போட்டுக்குவோம்" என்றார் மூத்தவர். மூலையில் கயிற்றுக் கட்டிலில் அவருடைய மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆயா காலையிலிருந்து தூங்குகிறார் என்று சொன்னார்கள். தொட்டுப் பார்த்தபோது உடம்பு காய்ந்து கொதித்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து ஏதோ சம்பந்தமில்லாமல் பேசினார். அது தூக்கமில்லை. அந்த வீட்டில் யாரும் அலட்சியக்காரர்கள் கிடையாது. ஆனால் விசிறி ஓடினால் கூலி குறையும் தொழிலில், அந்த அறையிலேயே படுத்திருப்பவருக்கும் காற்று கிடையாது என்று ஆகிவிடுகிறது. அதன்பிறகு பீடி சுற்றும் வீடுகளில் நான் முதலில் கேட்கும் கேள்வி, பெரியவர் எங்கே படுக்கிறார் என்பதுதான். கட்டிலைத் திண்ணைக்கோ பக்கத்து ஓட்டு வீட்டின் தாழ்வாரத்துக்கோ மாற்றுவது ஒரு பைசா செலவில்லாத சிகிச்சை.

வெப்பவாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக், என்பதை அடையாளம் காண இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும். உடம்பு கொதிப்பது ஒன்று, புத்தி தடுமாறுவது மற்றொன்று. உடல் வெப்பம் 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அது உயிருக்கு ஆபத்தான நிலை. வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். வயதானவர்களுக்குத் தோல் பெரும்பாலும் உலர்ந்திருக்கும் என்றாலும், உழைத்துக்கொண்டே விழுபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே இது வரும். கே.வி.குப்பம் பக்கம் ஒரு செங்கல் சூளையில், கல் சுமந்துகொண்டிருந்த இளைஞர் திடீரென்று கன்னாபின்னாவென்று பேசத் தொடங்கியபோது, குடித்துவிட்டு உளறுகிறான் என்று லாரி நிழலில் படுக்க வைத்துவிட்டு மற்றவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அவர் குடிக்காதவர் என்று தெரிந்த ஒரு பெண் கத்திக் கூப்பாடு போட்டதால்தான், சேறு குழைக்க வைத்திருந்த தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு அவர் மேல் ஊற்றினார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் கண் திறந்து தன் பெயரைச் சொன்னார்.

அந்தச் சூளைக்காரர்கள் செய்ததுதான் சரியான முதலுதவி. 108-க்கு அழைக்க வேண்டும், அது வரும்வரை காத்திராமல் அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலுக்குத் தூக்கி, துணியைத் தளர்த்தி, கிடைக்கிற தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, விசிறியோ அட்டையோ முறமோ கொண்டு விடாமல் வீச வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போதுதான் சூடு இறங்குகிறது என்பதால் வீசாமல் ஊற்றுவதால் பாதிப் பலன்தான் கிடைக்கும். பனிக்கட்டி இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது, அது மூச்சுக்குழாயில் போய்விடும். உச்சந்தலையில் விளக்கெண்ணெய் தேய்ப்பதும் உள்ளங்காலில் வெங்காயம் அரைத்துப் பூசுவதும் நல்லெண்ணத்தில் செய்யப்படுகின்றன என்றாலும் அந்த நேரத்தில் அவை வீண். பாராசிட்டமால் மாத்திரையும் இதற்கு வேலை செய்யாது. தொற்றுக் காய்ச்சலில் மூளையே உடலின் வெப்ப அளவைக் கூட்டி வைக்கிறது, மாத்திரை அதைத்தான் இறக்குகிறது. வெப்பவாதத்தில் சூடு வெளியிலிருந்தும் உழைப்பிலிருந்தும் வந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது.

மின்விசிறியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் வெறும் விசிறி உடம்பின் மீது அனலைத்தான் வாரி இறைக்கும். வியர்வை குறைந்துபோன முதியவர்களை அது மேலும் சூடாக்கும். ஈரத் துண்டைத் தோளிலும் மார்பிலும் போட்டுக்கொண்டு விசிறியின் கீழ் இருப்பது வேறு. வேலூரின் உலர்ந்த பிற்பகல்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

மாத்திரைகள் விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஆபத்து இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் கொடுக்கப்படும் 'நீர் மாத்திரை' உடலின் நீரையும் உப்பையும் வெளியேற்றும். மனநோய்க்கான சில மருந்துகள் வியர்வையையே குறைக்கும். இவற்றைத் தாமாக நிறுத்துவது வெயிலைவிடப் பெரிய ஆபத்து. கோடை தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டி அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்பதே முறை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருவது பெரிய வசதிதான். அந்த வசதியாலேயே, மருத்துவரை நேரில் பார்ப்பது தள்ளிப்போகவும் கூடாது. பங்குனியில் ஒருமுறை நேரில் போய்வருவது நல்லது. இன்னொன்று வலி மாத்திரை. நாள் முழுவதும் வெயிலில் குனிந்து நிமிர்ந்தவர்கள் மாலையில் மருந்துக் கடையில் 'உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை' என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். நீர் வற்றிய உடலில் டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கின்றன. இதைக் கோடைதோறும் செய்துவந்தால் சிறுநீரகம் தாங்காது.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களில் குளிர்ப்பெட்டி இல்லாதவர்களுக்கு நான் காட்டிக்கொடுத்த வழி மண்பானைதான். ஒரு பானைக்குள் மணலும் தண்ணீரும் போட்டு, அதற்குள் சிறு பானையை இறக்கி, இன்சுலின் புட்டியைப் பிளாஸ்டிக் டப்பாவில் நீர் புகாமல் மூடி அதற்குள் வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஷீட் வீட்டு அலமாரியில் வைத்த மருந்தின் வீரியம் குறைந்துபோய், சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு.

பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்த, யாரும் பேசாத விஷயம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போகிறவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், சந்தையில் கடை போடுகிறவர்கள் எல்லோருமே கழிப்பறைக்கு அஞ்சிக் காலையிலிருந்தே தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு என்று வருபவர்களிடம் 'தண்ணீர் நிறைய குடியுங்கள்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. எங்கே போவாய் என்று கேட்டால்தான் பேச்சு உண்மையான இடத்துக்கு வரும். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் கடுமை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் தொடங்கித் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, அதிக வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏற்படும் அபாயம் இரு மடங்காக இருந்தது. கர்ப்பப் பதிவு செய்யும்போதே பிரசவ மாதம் எது என்று கணக்கிடுவதைப் போல, கத்திரி எந்த மாதக் கர்ப்பத்தில் வருகிறது, அப்போது என்ன வேலையில் இருப்பார் என்றும் கேட்டு எழுதிவைப்பது பயன் தரும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து அன்றே குடித்து முடிக்க வேண்டும். கடையில் பழச்சுவையோடு விற்கும் இனிப்புப் பானங்கள் அதற்கு மாற்றாகா. உப்பிட்ட நீர்மோரும் கேழ்வரகுக் கூழும் அவற்றைவிட எவ்வளவோ மேல்.

கூரைக்கு வருவோம். பங்குனி மாதத்தில் ஷீட்டின் மேல் சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு கை பூசினால் உள்ளே சில டிகிரி குறைவது தொட்டுப் பார்த்தாலே தெரியும். மழைக்காலத்தில் கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் பூச வேண்டும். ஏறுபவர் ஷீட்டின் மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. வெயிலில் பழுத்த சிமெண்ட் ஷீட் சொல்லாமல் உடையும், ஆகவே சட்டத்தின் மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். ஒரு முழம் இடைவெளி விட்டுப் பச்சை வலை கட்டுவதும் நல்ல பலன் தரும். உட்கூரைக்குத் தெர்மகோல் ஒட்டுவதை நான் ஆதரிப்பதில்லை, அடுப்பு உள்ளேயே எரியும் வீட்டில் அது தீக்கு அழைப்பு.

வெயிலோடு கதை முடிந்துவிடுவதில்லை. 2019 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் எவ்வளவு கடுமை என்பதற்கு, அந்த ஜூலையில் அப்போதைய வேலூர் மாவட்டத்தின் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் சென்னைக்கு ரயில் புறப்பட்டதே சாட்சி. அனுப்பிய மாவட்டத்திலேயே குழாயில் தண்ணீர் பல நாளுக்கு ஒருமுறைதான் வந்தது. வாசல்தோறும் டிரம்கள் முளைத்தன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, இந்த டிரம்களின் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவைக்கிறது. அம்முட்டைகள் தண்ணீரின்றி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெப்பம் கூடினால் கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் முதிரும் காலமும் குறைகிறது. புழு ஒழிப்புக்கு வரும் பணியாளர்கள் ஊற்றும் அபேட் மருந்தை வாடை அடிக்கிறது என்று மறுப்பவர்களிடம் சண்டை போடுவதைவிட, குடிதண்ணீரைத் தனியாக மூடிவைக்கச் சொல்லிவிட்டுப் புழக்கத் தண்ணீரில் ஊற்றுவது எளிது.

மேல்நிலைத் தொட்டிக்கான பிளீச்சிங் பவுடர் மூட்டையும் வெயிலுக்குத் தப்புவதில்லை. தகரக் கொட்டகையில் வாய் திறந்து கிடந்தால் அதிலுள்ள குளோரின் சூட்டில் பறந்துவிடும். பிறகு எவ்வளவு கரைத்து ஊற்றினாலும் வெறும் சுண்ணாம்புத் தண்ணீர்தான். தொட்டியில் எவ்வளவு போட்டார்கள் என்ற கணக்கை நம்பாமல், தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதனை மருந்தை விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், குளோரின் இருக்க வேண்டும்.

2021 நவம்பரில் பாலாறும் கவுண்டன்யா ஆறும் கரை புரண்டபோது, பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் மாண்டார்கள். மழை நின்ற பிறகு எல்லோரும் வயிற்றுப்போக்கைத்தான் எதிர்பார்க்கிறார்கள். புல்லும் புதரும் மண்டும் அடுத்த மாதங்களில் வரும் உண்ணிக் காய்ச்சல் வேலூர் மருத்துவர்கள் நன்கறிந்த நோய். மிகச் சிறிய பூச்சியின் இளம்பருவம் கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு ஒன்று பலருக்கு இருக்கும். வலியோ அரிப்போ இல்லாததால் நோயாளிக்கே தெரியாது. அக்குளிலும் மார்புக்குக் கீழும் இடுப்பு மடிப்பிலும் அது ஒளிந்திருப்பதால், பெண் நோயாளிகளிடம் ஒரு பெண் கேட்டுப் பார்த்தால்தான் கிடைக்கும். டாக்சிசைக்ளின் என்னும் விலை குறைந்த மருந்துக்கே இது கட்டுப்படும். தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகும். மழைக்குப் பிந்தைய காய்ச்சல் ஐந்தாறு நாளாகியும் இறங்காவிட்டால் வீட்டிலேயே உடம்பு முழுவதும் தேடிப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. ஆனால் எங்கள் ஊர்களில் வெயிலால் இறந்தவர் என்று யாரும் எழுதப்படுவதில்லை. மாரடைப்பு, மூச்சுத்திணறல், வயோதிகம் என்றே பதிவாகிறது. மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை, உடல் குளிர்ந்த பிறகு வருபவரிடம் அவர் எதைக் கண்டுபிடிப்பார்? எங்கே, எந்த நேரத்தில் கிடந்தார், தொட்டபோது உடம்பு எப்படி இருந்தது, என்ன பேசினார் என்பதை ஒரு தாளில் எழுதி, முடிந்தால் வெப்பமானியால் அளந்த எண்ணையும் சேர்த்து ஆம்புலன்சிலேயே கொடுத்துவிட வேண்டும். அது முதலில் சிகிச்சைக்கு உதவும், பிறகு ஆவணத்துக்கும் உதவும்.

மார்ச் 22 கிராம சபைக்கு இந்தக் கோரிக்கைகளோடு போவதை நான் ஒரு வழக்கமாக்கிக்கொண்டேன். உலகத் தண்ணீர் தினம் என்பதால் அன்று குடிநீரைப் பற்றிப் பேச யாரும் தடை சொல்வதில்லை, கோடையும் அப்போதுதான் தொடங்குகிறது. வேலைத் தளத்தில் விடியற்காலை நேரம், நிழல் கொட்டகை, அங்கன்வாடிக் கூரைக்குச் சுண்ணாம்பு, தனியாக வசிக்கும் முதியவர்களின் பெயர்ப்பட்டியல், பிற்பகலில் அவர்கள் உட்கார ஊராட்சி நூலகத்தையோ சமுதாயக் கூடத்தையோ திறந்துவைப்பது ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம். அடுத்த கிராம சபை மே 1-ஆம் தேதி, கத்திரிக்கு மூன்று நாள் முன்னால்தான் வருகிறது. அதற்குள் தீர்மானம் எழுதி, ஒப்புதல் பெற்று, சுண்ணாம்பு வாங்கி, கூரையில் ஆளேற்ற எந்த ஊராட்சியாலும் முடிந்ததில்லை.